சாவிக்கொத்து வைத்திருக்கும் பெண்கள்

ஒன்பதரை அடி உயரம். வெள்ளை கவுன், அகலமான கறுப்புத் தொப்பி, கையில நீளமான சிகரெட் ஹோல்டர். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகணும்னா கதவு நிலையில இடிக்காம தலையைக் குனிஞ்சுதான் வரணும். பேரு லேடி டிமிட்ரெஸ்கு. 2021 மே மாதம் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' கேம்ல வர்ற கோட்டைச் சீமாட்டி. அந்த ஒன்பதரை அடி, தொப்பியும் ஹீல்ஸும் சேர்த்த கணக்கு.

உங்க வீட்டுல டீன் ஏஜ் பிள்ளை இருந்தா இவங்க படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. ஃபோன் ஸ்கிரீன்ல, டி-ஷர்ட்ல, இல்லேன்னா பையன் வரைஞ்சு மேசை டிராயர்ல ஒளிச்சு வச்சிருக்கிற பேப்பர்ல. கேம் வெளிவர்றதுக்கு முன்னாடியே, வெறும் டிரெய்லர்லயே இந்தம்மா உலகம் முழுக்க பிரபலம். இத்தனைக்கும் கேமின் முன்பகுதியோட அவங்க கதை முடிஞ்சுபோகுது.

'ஒரு கோட்டைக்குள்ள மாட்டிக்கிட்டு, பயங்கரமான ஒரு பொம்பளை துரத்துறதுல என்ன சந்தோஷம் இருக்கு?' நம்மில் பல பேர் கேக்குற கேள்வி இது. கேட்டுட்டு, பதிலுக்குக் காத்திருக்காம 'அதை ஆஃப் பண்ணு'ன்னு சொல்லிட்டுப் போயிடுறோம். இந்த மாதம் அந்தக் கேள்வியிலேயே கொஞ்ச நேரம் உக்காந்து பார்க்கலாம்.

பழைய கதைதான்

முதல்ல ஒண்ணு. இது வீடியோ கேம் கண்டுபிடிச்ச சமாச்சாரம் இல்லை. ஹோமரின் ஒடிஸியில போர் முடிஞ்சு வீடு திரும்ப ஒடிஸியஸுக்குப் பத்து வருஷம் ஆகுது. அதுல ஏழு வருஷம் கலிப்ஸோவோட தீவுல, ஒரு வருஷம் ஸர்ஸியோட தீவுல. ஆக, பெரிய வீரனோட பெரிய பயணத்துல எட்டு வருஷம் சக்தி வாய்ந்த ரெண்டு பெண்களோட இடத்துலதான் கழிஞ்சிருக்கு. இதுல ஒரு வேடிக்கை. ஸர்ஸி வீட்டுல இருந்தப்ப அவனுக்கு ஊர் ஞாபகமே வரலை. 'கிளம்பலாம் வாப்பா'ன்னு கூட இருந்தவங்கதான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. கலிப்ஸோ தீவுலயோ தினமும் கடற்கரையில உக்காந்து அழுறான். ரெண்டு இடத்துலயும் சாப்பாடு உண்டு, வசதி உண்டு, அன்பும் உண்டு. ஆனா ஸர்ஸிகிட்ட 'நான் போகணும்'னு கேட்டதும் அவ வழி சொல்லி அனுப்பினா. கலிப்ஸோ கடவுள் உத்தரவு வர்ற வரைக்கும் விடலை. இந்த ஒரு வித்தியாசத்தை மனசுல வச்சுக்குங்க. கடைசியில தேவைப்படும்.

கிரிம் சகோதரர்கள் 1812-ல் அச்சிட்ட ரபுன்ஸல் கதையில, சூனியக்காரி அந்தப் பொண்ணைக் கோபுரத்துல பூட்டினது எப்ப தெரியுமா? பொண்ணுக்குப் பன்னிரண்டு வயசானப்ப. அதுவரைக்கும் வெளியில்தான் வளர்த்தா. பன்னிரண்டு வயசுல கதவு மூடுது. இதுக்கு மேல விளக்கம் நமக்குத் தேவையில்லை. வயசுக்கு வந்த பொண்ணைக் குச்சுல உக்கார வச்ச ஊர்க்காரங்க நாம. தாய்மாமன் ஓலை கொண்டுவந்து கட்டின அந்தக் குச்சைப் பாட்டி எப்படிச் சொல்வாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. பாதி புகார், பாதி பெருமை. பள்ளிக்கூடம் போக முடியலை, விளையாட முடியலை. ஆனா அத்தனை பேரும் தன்னையே கவனிச்சாங்க, உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தாங்க. அடைபட்டதும் கவனிக்கப்பட்டதும் ஒண்ணா வந்த அனுபவம் அது.

டிமிட்ரெஸ்கு கோட்டையோட ஈர்ப்பும் கிட்டத்தட்ட இந்தக் கலவைதான்.

பிள்ளைங்களுக்கு அங்கே என்ன கிடைக்குது?

ஒரு பதினைஞ்சு வயசுப் பிள்ளையோட ஒரு நாளை நினைச்சுப் பாருங்க. எந்தப் பாடம் எடுக்கணும், எந்தக் குரூப்ல இருக்கணும், எந்த மெசேஜுக்கு எத்தனை நிமிஷத்துல பதில் போடணும், வீட்டுல எந்த முகம், வெளியில எந்த முகம். எல்லாப் பக்கமும் கதவு திறந்திருக்கு, எந்தக் கதவு சரின்னு யாரும் சொல்றதில்லை. கோட்டைக்குள்ள போனா அந்தத் தொல்லை தீர்ந்தது. இடம் சின்னது. சட்டம் தெளிவு. எதிரி யாருன்னு தெரியும். காலடிச் சத்தம் கேட்டா ஒளியணும், சாவி கிடைச்சா அடுத்த கதவு. முடிவெடுக்கிற பாரம் இறங்குது. அடைபட்ட இடம் மூச்சு முட்டும்னு நாம நினைக்கிறோம். அவங்களுக்கு அது சில நேரம் மூச்சு விடுற இடம்.

அடுத்தது, கவனம். டிமிட்ரெஸ்கு உங்களைத் தேடுறா. நீங்க எந்த அறையில இருக்கீங்கங்கிறது அவளுக்கு முக்கியம். அந்தக் கோட்டையில இருக்கிற பெரிய மனுஷிக்கு உங்களைத் தவிர வேற வேலையே இல்லை. இது பயமாவும் இருக்கு, ஒரு விதத்துல பெருமையாவும் இருக்கு.

'கொரலைன்' கதையைத் தெரிஞ்சவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். 2002-ல் புத்தகமா வந்து 2009-ல் படமானது. அந்தச் சின்னப் பொண்ணோட அப்பாவும் அம்மாவும் நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி வேலை பார்க்கிறாங்க. 'அப்புறம் பார்க்கலாம்', 'போய் ஏதாவது பண்ணு'. சுவத்துல இருக்கிற ஒரு சின்னக் கதவைத் திறந்தா இன்னொரு வீடு, இன்னொரு அம்மா. ருசியான சமையல், விளையாட நேரம், காது கொடுத்துக் கேக்குற முகம். ஒரே ஒரு குறை: கண்ணு இருக்கிற இடத்துல கறுப்புப் பட்டன் தைச்சிருக்கு. 'நீயும் தைச்சுக்கோ, இங்கேயே இருந்துடலாம்'ங்கிறா. அந்தக் கதையில பிள்ளையை ஏமாத்தின தூண்டில் மிட்டாய் இல்லை, கவனம். வீட்டுல லேப்டாப் பார்த்துக்கிட்டே 'ம்... ம்...'ன்னு தலையாட்டுற நம்ம எல்லாருக்கும் அந்தப் படத்தோட முதல் கால் மணி நேரம் கொஞ்சம் சங்கடமா இருக்கும்.

மூணாவது, மூளை. இந்தக் கதைகள்ல அடைபட்டவங்க பெரும்பாலும் வெறும் பலத்தால ஜெயிக்கிறதில்லை. பேச்சு, தந்திரம், பொறுமை. கொரலைன், அந்த இன்னொரு அம்மாவுக்கு விளையாட்டுன்னா பைத்தியம்னு தெரிஞ்சுக்கிட்டு ஒரு பந்தயம் கட்டித்தான் தப்பிக்கிறா. நம்ம பிள்ளைங்க வீட்டுல பெரியவங்களோட சண்டை போடும்போது கையில இருக்கிற ஆயுதமும் அதுதானே? பணமும் அவங்களுக்குக் கிடையாது, வீட்டுச் சாவியும் கிடையாது, கார் ஓட்டவும் முடியாது. பேசித்தான் ஜெயிக்கணும். நேரம் பார்த்து, மனநிலை பார்த்து, 'அப்பாகிட்ட முதல்ல கேக்கலாமா, அம்மாகிட்ட கேக்கலாமா'ன்னு கணக்குப் போட்டு.

நாலாவது விஷயம் குறிப்பா பையன்களுக்கு. 'ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா'ன்னு கேட்டே நாம வளர்த்திருக்கோம். அவன் பார்க்கிற படம், விளையாடுற கேம் எல்லாத்துலயும் அவன்தான் பலசாலி, அவன்தான் காப்பாத்தணும். டிமிட்ரெஸ்கு முன்னாடி அவன் குட்டிப் பையன். ஓடலாம், ஒளியலாம், கத்தலாம், யாரும் சிரிக்க மாட்டாங்க. தன்னைவிடப் பெரிய ஒருத்தர் முன்னாடி சின்னவனா இருக்கிறதுக்கு அனுமதி கிடைக்கிற அபூர்வமான இடம் அது. பொண்ணுங்களுக்கு இன்னொரு பக்கம் திறக்குது. அவங்க பார்க்கிறது அந்தக் குனிஞ்சு வர்ற தலையை. யாருக்காகவும் தன்னைச் சின்னதாக்கிக்காத, குரலைத் தாழ்த்தாத ஒரு பெண். 'மெதுவாப் பேசு, அடக்கமா உக்காரு'ன்னு கேட்டுக் கேட்டு வளர்ற பொண்ணுக்கு அந்தச் சீமாட்டி மேல ஒரு ரகசிய மரியாதை வராம இருக்குமா? நமக்கு நீலாம்பரி மேல வந்துச்சே.

ஆமாம், படையப்பா நீலாம்பரியேதான். 1999-ல் வந்த படம். வெளிநாட்டுல வாடகைக்கு எடுத்த தியேட்டர்ல, அப்புறம் வீட்டு கேசட்டுல எத்தனை தடவை பார்த்திருப்போம்! ரம்யா கிருஷ்ணன் கால் மேல கால் போட்டு உக்காரும்போது நம்ம அம்மாக்கள் 'என்ன திமிரு பாரு'ன்னு சொல்லிக்கிட்டே கண்ணெடுக்காமப் பார்த்தாங்க. அந்த நீலாம்பரி என்ன பண்றா? பதினெட்டு வருஷம் ஒரு அறைக்குள்ள தன்னைத் தானே பூட்டிக்கிறா.

பூட்டினவளும் உள்ளேதான்

இங்கேதான் இந்தக் கதைகள் நமக்கு, அதாவது பெத்தவங்களுக்கு, ஏதோ சொல்ல வருது. சாவி வச்சிருக்கிற பெண்ணைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. அவளும் அடைபட்டுத்தான் இருக்கா.

டிமிட்ரெஸ்குவை உருவாக்கினவங்க மனசுல இருந்த உருவங்கள்ல ஒண்ணு ஹங்கேரியின் எலிசபெத் பாத்தோரி. 1560-ல் பிறந்த பிரபு குலத்துப் பெண். வேலைக்கு வந்த இளம்பெண்களைக் கோட்டையில வச்சுக் கொடுமைப்படுத்திக் கொன்றதா அவங்க மேல குற்றச்சாட்டு. அது எவ்வளவு தூரம் உண்மை, சொத்துக்கும் அரசியலுக்கும் அதுல எவ்வளவு பங்குன்னு வரலாற்று ஆய்வாளர்கள் இன்னும் வாதம் பண்றாங்க. ஆனா முடிவு தெரிஞ்சதுதான்: 1610 கடைசியில பிடிபட்டு, தன் சொந்தக் கோட்டையிலேயே அடைக்கப்பட்டு, 1614-ல் அங்கேயே செத்துப்போனாங்க. மத்தவங்களைப் பூட்டினவங்கன்னு பேர் வாங்கின பெண்ணோட கடைசி வருஷங்கள் பூட்டின கதவுக்கு உள்ளே.

கேமுக்கு வாங்க. டிமிட்ரெஸ்குவோட மூணு பொண்ணுங்களும் குளிர் காத்து பட்டா உறைஞ்சு உடைஞ்சு போயிடுவாங்க. அதனால அந்தப் பிள்ளைங்களுக்குக் கோட்டைதான் உலகம். டிமிட்ரெஸ்குவுக்கும் மேல ஒருத்தி இருக்கா, மதர் மிராண்டா. ஊரையே கைக்குள்ள வச்சிருக்கிறவ. அவ எதுக்காக இவ்வளவும் செய்யறான்னு கடைசியிலதான் தெரியும்: எப்பவோ நோயில செத்துப்போன தன் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவரணும். அவ்வளவுதான். அத்தனை ரத்தத்துக்கும் பின்னாடி, பிள்ளையை விட மனசு வராத ஒரு தாய். விளையாடுறவன் கையில இருக்கிற நாயகன் ஈதனும் தன் கைக்குழந்தை ரோஸைத் தேடித்தான் அங்கே வந்திருக்கான். ரெண்டு பக்கமும் பெத்தவங்க. பேய்க் கதைன்னு நாம ஒதுக்கின கேம் முழுக்கப் பிள்ளைப் பாசம்.

நம்ம மணிமேகலையிலயும் இதே கட்டம் இருக்கு. சீத்தலைச் சாத்தனார் எழுதியது. பள்ளியில அட்சய பாத்திரத்தோட நிறுத்திக்கிட்டதால பல பேருக்குத் தெரியாது. உதயகுமரன் கொலை செய்யப்படுறான், மணிமேகலை சிறைக்குப் போறா. அப்ப உதயகுமரனோட அம்மா, சோழ ராணி இராசமாதேவி, 'நான் பார்த்துக்கிறேன்'னு இனிமையாப் பேசி மணிமேகலையைச் சிறையிலிருந்து தன் அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. வெளியில அன்பு, உள்ளே பழிவாங்குற எண்ணம். பைத்தியம் பிடிக்க மருந்து கொடுக்கிறாங்க, பலிக்கலை. அவளைக் களங்கப்படுத்தப் பணம் கொடுத்து ஒருத்தனை அனுப்புறாங்க. அவ ஆண் உருவம் எடுத்துக்கிட்டு நிக்கிறா, அவன் ஓடிட்டான். கடைசியில 'இவளுக்கு நோய்'னு சொல்லிச் சோறு இல்லாம அறையில அடைக்கிறாங்க. பசி தீர்க்கும் மந்திரம் தெரிஞ்ச மணிமேகலை வாடாம இருக்கிறா.

ராணி நடுங்கிப்போய் மன்னிப்புக் கேக்குறாங்க. அப்ப மணிமேகலை சாபம் விடலை. நீங்க அழுதது உடம்புக்காகவா, உயிருக்காகவான்னு கேக்குறா. உடம்புக்காகன்னா, அதை எடுத்துச் சுட்டது யாரு? உயிருக்காகன்னா, அது எங்கே போச்சுன்னு யாருக்குத் தெரியும்? அப்ப எல்லா உயிருக்கும்தானே இரக்கப்படணும்? பூட்டப்பட்ட பொண்ணு, பூட்டினவளோட துக்கத்தைத்தான் முதல்ல பார்க்கிறா. அந்தக் காதைக்குப் பேரே 'சிறைவிடு காதை'. யார் யாரைச் சிறைவிட்டதுன்னு யோசிச்சா, ரெண்டு பேரும் வெளியில வந்ததாத்தான் எனக்குப் படுது.

கோபுரத்துல இருக்கிற நம்ம குரல்

இப்போ கொஞ்சம் வீட்டுக்குள்ள வருவோம். 2010-ல் டிஸ்னி எடுத்த 'டாங்கிள்ட்' படத்தைப் பிள்ளைங்களோட பார்த்திருப்பீங்க. கோத்தல் அம்மா ரபுன்ஸலை அடிக்கிறதில்லை, பட்டினி போடுறதில்லை. தலை வாரி விடுறா, பிடிச்ச சூப் வச்சுத் தர்றா. அவ கையில இருக்கிற ஒரே ஆயுதம் பேச்சு: வெளி உலகம் ஆபத்து, உனக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொன்னாக் கேளு. நடுநடுவுல 'சும்மா கேலி பண்ணேன்'னு சிரிச்சுக்கிட்டே குண்டுன்னு ஒரு குத்தல்.

எங்கேயோ கேட்ட குரலா இருக்கா?

நாம ரெண்டாம் தலைமுறை. வீட்டுக்குள்ள ஒரு நாடு, வாசலுக்கு வெளியில இன்னொரு நாடுன்னு வளர்ந்தவங்க. நம்ம அம்மாக்கள் புது ஊரைப் பார்த்துப் பயந்தாங்க. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்துச்சு. சிலர் போரைப் பார்த்துட்டு வந்தவங்க, சிலர் பாஷை தெரியாம வந்தவங்க, எல்லாருமே சொந்தபந்தத்தை விட்டுட்டு வந்தவங்க. ஸ்லீப்ஓவர் கிடையாது, ஸ்கூல் டூர் கிடையாது, ஆறு மணிக்கு மேல வெளியில கிடையாது. வெளியில வேலை இடத்துலயும் கடையிலயும் குரலே எழும்பாத அம்மா, வீட்டுக்குள்ள வந்தா அல்லி தர்பார். கோபுரத்துச் சாவி அவங்க இடுப்புல. ஆனா அவங்களும் அந்தக் கோபுரத்தைவிட்டு எங்கே போனாங்க? அவங்களுக்கு யார் இருந்தா? நாம காலேஜ் போய், வேலைக்குப் போய், வெளியில வந்துட்டோம். பல அம்மாக்கள் இன்னும் அதே சமையலறை ஜன்னல் வழியாத்தான் அந்த ஊரைப் பார்க்கிறாங்க.

இப்போ சாவி நம்ம கையில. நாம நவீனமாப் பூட்டுறோம். லொகேஷன் ஆப், ஸ்கிரீன் டைம், வாரத்துல ஏழு நாளும் ஏதோ ஒரு கிளாஸ். எல்லாம் அன்பாலதான், எல்லாத்துக்கும் நியாயமும் உண்டு. ஆனா பிள்ளைக்கு ஒரு பெரிய மனுஷியை எதிர்த்து நின்னு, அவளை ஏமாத்தி, கதவைத் திறந்து ஓடுற கதை ஏன் இவ்வளவு பிடிக்குதுன்னு கேட்டா, பதில்ல கொஞ்சம் நம்ம பேரும் இருக்கும். அதுக்காகப் பதற வேண்டாம். நிஜ அம்மாகிட்ட காட்ட முடியாத கோபத்தை ஒன்பதரை அடி அம்மாகிட்ட காட்டிட்டு, கேமை நிறுத்திட்டு வந்து, 'சாப்பிட என்ன இருக்கு'ன்னு கேக்குறது ஆரோக்கியமான பிள்ளை செய்யற வேலைதான்.

கவனிக்க வேண்டியவை

சரி, அப்போ எல்லாத்தையும் விட்டுடலாமான்னா, இல்லை. 'வில்லேஜ்' கேமுக்கு ஐரோப்பாவுல பெகி 18, அமெரிக்காவுல 17 வயசுக்கு மேலேன்னு ரேட்டிங். ரத்தம், கை கால் வெட்டு, கொக்கியில மாட்டித் தொங்கவிடுறது எல்லாம் இருக்கு. பன்னிரண்டு வயசுக்கு அது வேண்டாம்னு தெளிவாச் சொல்லலாம். இன்னொண்ணு, டிமிட்ரெஸ்குவை வச்சுப் பெரியவங்க தங்களுக்காக வரைஞ்ச ஆபாசப் படங்களும் இணையத்துல ஏராளம். பேரைத் தேடினா ரெண்டாவது நிமிஷத்துல அது வந்து நிக்கும். அதை முன்கூட்டியே பிள்ளைகிட்டச் சொல்றது நல்லது, கண்டுபிடிச்ச பிறகு கத்துறதைவிட.

இதே ருசியில சின்னவங்களுக்கும் ஏத்தது வேணும்னா 'போர்ட்டல் 2' இருக்கு. 2011-ல் வந்தது, அமெரிக்க ரேட்டிங் பத்து வயசுக்கு மேல. 2007-ல் வந்த முதல் கேம்லேருந்தே ஆராய்ச்சிக்கூடத்துல நாயகி செல்லை அடைச்சு வச்சிருக்கிறது கிளாடோஸ்ங்கிற பெண் குரல் கம்ப்யூட்டர். ரத்தம் கிடையாது, புதிர்தான். கிளாடோஸ் பேச்சைக் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பீங்க. 'உடம்பு போட்டுட்டே', 'உன்னை யாருக்கும் வேண்டாம்'ங்கிற ரகம். நம்ம கல்யாண வீட்டுல ஒரு மாமி கிட்ட அரை மணி நேரம் மாட்டிக்கிட்ட மாதிரியே இருக்கும். அதே கேம்ல கிளாடோஸ் அதிகாரத்தை இழந்து, ஒரு உருளைக்கிழங்குல ஓடுற சின்ன சிப்பா மாறி, செல் கையில இருக்கிற கருவியிலயே தொத்திக்கிட்டு வர வேண்டிய நிலைமை. அதிகாரம் போன அம்மாவைத் தூக்கிக்கிட்டு நடக்கிற பொண்ணு! கடைசியில கிளாடோஸ் தன் இடத்தைத் திரும்பப் பிடிச்சதும், செல்லைக் கொல்லாம வெளியில அனுப்பிடுறா.

ரெண்டு பேர் சேர்ந்து விளையாடுற பகுதியும் அதுல உண்டு. நீங்க ஒரு ரோபோ, பிள்ளை ஒரு ரோபோ, கிளாடோஸ் ரெண்டு பேரையும் திட்டுவா. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முயற்சி பண்ணுங்க. வீட்டுல எப்பவும் நீங்கதான் உத்தரவு போடுறவங்க. இங்கே நீங்களும் பிள்ளையும் ஒரே பக்கம். பத்து நிமிஷத்துல பிள்ளை உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சுடும். அந்த நேரத்துல அவங்க பேசுற பேச்சு சாப்பாட்டு மேசையில வராது.

வில்லேஜ் விளையாடுற வயசுப் பிள்ளைன்னா, பக்கத்துல உக்காந்து மூணு கேள்வி கேக்கலாம். 'இந்தம்மா ஏன் பூட்டி வைக்கிறாங்க?' 'கதவு திறந்தே இருந்தா நீ போவியா, இருப்பியா?' 'அவங்களால வெளியில போக முடியுமா?' சரியான பதில்னு எதுவும் கிடையாது. ஆனா இதைப் பேசிப் பழகின பிள்ளைக்கு ஒரு விஷயம் மனசுல பதியும்: பூட்டுறதுக்கும் அன்புக்கும் உள்ள வித்தியாசம்.

அது எதுக்கு முக்கியம்? கேம்ல பாஸ் பட்டன் இருக்கு. பயம் அதிகமானா நிறுத்தலாம், செத்தாலும் சேவ் பண்ண இடத்துலேருந்து தொடங்கலாம். பயத்தோட அளவு விளையாடுறவங்க கையில இருக்கிறதாலதான் அது இன்பமா இருக்கு. நிஜத்துல அந்தப் பட்டன் கிடையாது. நாளைக்கு நம்ம பையனுக்கோ பொண்ணுக்கோ ஒரு துணை வரலாம். 'யாரோட பேசினே, ஃபோனைக் காட்டு'ன்னு கேக்குற, நண்பர்களை ஒவ்வொருத்தரா வெட்டிவிடுற, 'உன் மேல உள்ள அன்பாலதான்'னு சொல்ற துணை. பொண்ணுங்களுக்கு இதைப் பத்தி நாம ஏதோ கொஞ்சமாவது எச்சரிக்கை சொல்றோம். பையன்களுக்குச் சொல்றதே இல்லை. ஒரு பெண் தன்னைக் கட்டுப்படுத்துறான்னு வெளியில சொல்ல ஆண் பிள்ளைக்கு வெட்கம் தடுக்கும். தன்னைப் பூட்டி வச்ச கோத்தலையும் கலிப்ஸோவையும் பத்திப் பேசிப் பழகினவனுக்கு, அன்னைக்கு வாய் திறக்க ஒரு வார்த்தையாவது கையில இருக்கும்.

முதல்ல சொன்ன அந்த வித்தியாசத்துக்கு வருவோம். ஸர்ஸிக்கும் கலிப்ஸோவுக்கும் இடையில இருந்தது. ரெண்டு பேருமே ஒடிஸியஸைவிடப் பலசாலிங்க, ரெண்டு பேருக்குமே அவனைப் பிடிச்சிருந்தது. 'நான் போகணும்'னு அவன் கேட்டப்ப ஒருத்தி வழி சொன்னா, எங்கே எந்தப் பாறை, எந்த அலையில ஆபத்துன்னு எடுத்துச் சொல்லி அனுப்பினா. நம்ம பிள்ளைங்களும் ஒரு நாள் அந்த வார்த்தையைச் சொல்லுவாங்க. வேற ஊர்ல காலேஜ், வேற நாட்டுல வேலை, நமக்குப் பழக்கமில்லாத ஒரு வாழ்க்கை. சொல்றதுக்கு முன்னாடி ரொம்ப நாள் நம்ம முகத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவாங்க, எந்த அறையில நாம இருக்கோம்னு. அன்னைக்கு நமக்கு எவ்வளவு வலிச்சாலும், கடல்ல பாறை எங்கே இருக்குன்னு சொல்ல நம்மகிட்ட நிறைய இருக்கு. நாமளும் ஒரு தடவை அந்தக் கடலைத் தாண்டினவங்கதானே.